பெரியப்பா வேடத்துக்கு வந்த கடிதம்

அன்புள்ள மகனுக்கு,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். நினைவில்லாத இடத்தில் நினைவில்லை என்றே எழுதுவேன். எட்டாம் வகுப்பில் நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். அதன் முதல் பக்கத்திலும் ஏறக்குறைய இதே வாக்கியத்தைத்தான் பேனாவை அழுத்தி எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். அடுத்த வருஷமே அதை மீறினேன். அதனால் இந்த முறை யாராவது என்னைக் கண்காணிக்கட்டும் என்று, இதை உறையில் போட்டு ஒட்டாமல் சாப்பாட்டு மேஜைமேல் வைக்கப்போகிறேன். உன் அப்பா படிக்கலாம், உன் சித்தி வந்தால் அவளும் படிக்கலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

வியாழக்கிழமை நீ ரயில் ஏறுகிறாய். சென்னை, அங்கிருந்து கப்பல், பிறகு ஒன்பது மாதம் தண்ணீர். போன வாரம் உன் பாஸ்போர்ட்டும் கப்பலில் சேரச் சொல்லும் உத்தரவும் கூரியரில் வந்தனவே, நினைவிருக்கிறதா? நான் அந்த உறையை உன் கையில் கொடுத்தது மாலை ஆறு மணிக்கு. "இப்பதான் வந்துச்சு" என்றேன். அது வந்தது காலை பதினொரு மணிக்கு. நடுவில் ஏழு மணி நேரம் அலமாரியில் என் சேலைகளுக்கு அடியில் இருந்தது. கொடுக்காமல் இருந்துவிடும் எண்ணம் இருந்ததா என்று நீ கேட்டால், பதினொன்றிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி வரை இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு மணிக்குமேல் பயம் வந்துவிட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருத்திக்கு இதெல்லாம் வேண்டியிருக்கிறதா என்று நீ நினைப்பாய். இதை நான் முன்பே ஒருமுறை செய்திருக்கிறேன். அந்த முறை ஏழு மணி நேரத்தோடு நிறுத்தவில்லை. அதைத்தான் எழுதப்போகிறேன்.

உன் தாத்தா ஞானமுத்து இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தார், ஒரு படத்தில் நடித்தார் என்பது மட்டும் உனக்குத் தெரியும். அவர் இறக்கும்போது உனக்கு மூன்று வயது. பத்து வயதில் நீ அந்தப் படத்தை டிவியில் பார்த்தாய். "தாத்தா கொரல் ஏம்மா பூனை மாதிரி இருக்கு?" என்று கேட்டுச் சிரித்தாய். "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். அது அவர் குரல் இல்லை, கண்ணு. அவருடைய உண்மைக் குரலை நீ கேட்டதே இல்லை. அது எந்த டேப்பிலும் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு நான்தான் காரணம்.

அப்பா மில்லில் நூல் நூற்கும் மெஷின்களுக்கு நடுவே நின்று, அறுந்த இழைகளை முடிச்சுப் போடும் வேலை பார்த்தார். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டுமானால் வயிற்றிலிருந்து கத்த வேண்டும். இருபது வருஷம் அப்படிக் கத்தியதில் அவர் குரல் அகலமாகிவிட்டது. வீட்டில் உப்புக் கேட்டால் மூன்றாவது வீட்டில் எடுத்துக் கொடுப்பார்கள் என்று அம்மா சொல்வாள். எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷம் தவறாமல் கெட்ட ராஜா வேஷம் அவருக்குத்தான். அவர் முதல் வசனத்தைச் சொன்னதும் கைக்குழந்தைகள் அழும். தாய்மார்கள் தூக்கிக்கொண்டு வெளியே போவார்கள். அதை அவர் தமக்குக் கிடைத்த கைதட்டலாக எடுத்துக்கொண்டார். தெருவில் எல்லோரும் அவரை 'மன்னா' என்றே கூப்பிட்டார்கள். மில்லிலும் ஆயுத பூஜை அன்று நாடகம் உண்டு. மெஷின்களைக் கழுவிப் பொட்டு வைத்து, வருஷத்தில் அந்த ஒரு நாள் சத்தம் நிற்கும். மாலையில் மைதானத்தில் மேடை. வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் கிளார்க் ஒருவர் நாடகம் எழுதுவார். அப்பாதான் கதாநாயகன், அல்லது கதாநாயகனை அடிக்கிறவர்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார். ஆகையால் எனக்கு ஏழு வயதானதிலிருந்து அவர் வசனங்களை நான்தான் வாசித்துக் காட்டினேன். முதல் ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு இரும்புக் கட்டிலில் உட்காருவார். நான் பள்ளிக்கூடப் பையை இறக்கியதும் நாடக நோட்டை எடுப்பேன். முதல்முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இரண்டாம் முறை உதடு மட்டும் அசையும். மூன்றாம் முறை என்னோடு சேர்ந்து சொல்வார். நான்காம் முறை நான் நோட்டை மூடிவிடலாம். "எங்க மூச்சு விடணும்னு மட்டும் சொல்லுட்டி பாப்பா. வார்த்தை தானா வந்துரும்" என்பார். நாடகத்தன்று மேடையின் ஓரத்தில் பக்கத் திரைக்குப் பின்னால், டார்ச் லைட்டை நோட்டில் அடித்தபடி உட்கார்ந்திருப்பேன். அவர் தடுமாறினால் இரண்டு வார்த்தை எடுத்துக் கொடுப்பேன். இரண்டுதான். மூன்றாவது வார்த்தை கொடுத்தால் நடிக்கிறவர் கூட்டத்தை விட்டுவிட்டு நம் வாயைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். எனக்கு அது பத்து வயதிலேயே தெரிந்திருந்தது. உன் விஷயத்தில் மட்டும் ஏன் மறந்தேன் என்று தெரியவில்லை. நீ எந்தப் படிப்பு படிக்க வேண்டும், எந்தச் சட்டை போட வேண்டும் என்று நான் உனக்குக் கொடுத்த மூன்றாவது, நான்காவது, பத்தாவது வார்த்தைகளுக்கெல்லாம் இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் உட்கார்ந்திருந்தது காதர் மாமாவின் ஆம்பிளிபயர் பெட்டிமேல். காதர் மாமா பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மைக் செட் கடை வைத்திருந்தார். நாடகத்துக்கு மைக்கும் விளக்கும் அவருடையவை. அப்பாவுக்கு ஒரே சிநேகிதர்.

"ஏலே மன்னா, ஒனக்கு மைக்கு எதுக்குலே? சும்மா நின்னு பேசு. எனக்குக் கரண்டு மிச்சம்" என்பார்.

"மைக்கு எனக்கில்லலே. அதுல ஒங்கடைப் பேரு எழுதியிருக்குல்லா, அத நாலு பேரு பாக்க வேண்டாமா?" என்பார் அப்பா.

பள்ளிக்கூடத்தில் எனக்குத் தோழிகள் இல்லை. நூலகத்தில் ஒரு தட்டை இடப்பக்கமிருந்து வலப்பக்கமாக முடித்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போகிற பெண்ணோடு யார் கல்லாங்காய் ஆடுவார்கள்? 'வாத்தியாரம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அம்மா பேண்டேஜ் துணி நெய்யும் இடத்தில் வேலை பார்த்தாள். இருட்டிய பிறகு முடியெல்லாம் பஞ்சோடு வருவாள், களைத்துப்போய்ப் பேசமாட்டாள். அந்த வீட்டில், அந்த ஊரில், நான் இல்லாமல் ஒரு காரியம் நடக்காது என்று இருந்தது அப்பா வசனப் பாடம் கேட்கிற அந்த ஒரு மணி நேரம்தான். இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

நான் எட்டாம் வகுப்பில் இருந்த வருஷம் ஆயுத பூஜை நாடகத்துக்குச் சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். படம் எடுக்க இந்தப் பக்கத்து முகங்களைத் தேடிக்கொண்டிருந்தாராம். டைரக்டரே அவர்தான் என்று பிற்பாடு தெரிந்தது. அவ்வளவு சின்ன வயது, மெலிந்த ஆள். நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து, "ஐயா, கோடை லீவுல ஸ்ரீவில்லிபுத்தூர்ல படப்பிடிப்பு. கதாநாயகியோட பெரியப்பா வேஷம். நாலு சீன், ஒம்பது நாள். பண்ணுவீங்களா?" என்று கேட்டார். அப்பா என்ன சொன்னார் என்பது நினைவில்லை. அம்மா சொன்னது நினைவிருக்கிறது. "தாம்பாளத்தத் தூக்கிட்டு ஓரத்துல நிக்கதுக்கு ஒம்பது நா லீவு போடணுமாக்கும்?"

"தாம்பாளம் இல்லட்டி. பேசுத வேஷம். நாலு சீனும் பேசுதேன்" என்றார் அப்பா. அந்த 'பேசுதேன்' அடுத்த தெருவுக்குக் கேட்டது.

ஒன்பது நாளும் நான் கூடப் போனேன். இராஜபாளையத்திலிருந்து முதல் டவுன் பஸ். தேரடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முதல் நாள் அப்பா வாயைத் திறந்ததும் கேமராவைப் பிடித்திருந்தவர் பின்வாங்கினார். டைரக்டர் சிரித்துவிட்டு, "ஐயா, கேமரா இங்கனதான் இருக்கு. மதுரைக்குக் கேக்க வேண்டாம்" என்றார். குரலைக் குறைக்காமல் சத்தத்தை மட்டும் குறைப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்க ராகவன் என்ற உதவி டைரக்டரை அப்பாவோடு விட்டார். ராகவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அவர் வசனத்தை வாசிக்கமாட்டார், பேசிக் காட்டுவார். அப்பா அதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். மூன்று தடவை வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேரும் வேப்ப மரத்தடியில் நின்று பேசிச் சிரிப்பதைப் பார்த்தபடி நான் நோட்டோடு நின்றிருந்தேன். நான்காம் நாள் காலை வழக்கம்போல நோட்டைப் பிரித்துக்கொண்டு பக்கத்தில் போனேன். "பாப்பா, நீ அங்கிட்டுப் போயி நெழல்ல இரு. ராகவன் தம்பி சொல்லித் தாராக" என்றார். அன்பாகத்தான் சொன்னார். வெயில் கடுமையாகத்தான் இருந்தது. நான் நிழலில் போய் உட்கார்ந்தேன். மீதி ஆறு நாளும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த ஆறு நாளில் அவர் மிக நன்றாக நடித்தார் என்பதையும் எழுதியாக வேண்டும். வீட்டைவிட்டுப் போகும் பெண்ணை வாசலில் வழியனுப்பும் காட்சியை எடுத்து முடித்தபோது விளக்குப் பிடிக்கிறவர்கள்கூட விளக்கை அணைக்க மறந்தார்கள்.

அந்தக் காலத்தில் படப்பிடிப்பில் பேசுவது படத்தில் வராது. படத்தை ஓடவிட்டுப் பார்த்து, வாயசைவுக்குத் தகுந்தபடி சென்னையில் மறுபடி பேசிப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு டப்பிங் என்று பெயர். தேதி முடிவானதும் கடிதம் எழுதுவதாக டைரக்டர் சொல்லிவிட்டுப் போனார். நான்கைந்து மாதம் கழித்து ஒரு நாள் காலை கடிதம் வந்தது. காலாண்டு விடுமுறை என்பதால் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அப்பாவுக்கு வரும் எதையும் நான்தான் பிரிப்பேன்; அதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். அடுத்த மாதம் டப்பிங் தொடங்குகிறது. உங்கள் பாத்திரத்துக்கு உங்கள் குரல்தான் வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பத்து நாள் தங்கும்படி வாருங்கள், ராகவன் ரயிலடிக்கு வந்து அழைத்துப்போவான். அடுத்த படத்திலும் உங்களுக்குப் பெரிய வேடம் வைத்திருக்கிறேன். மில்லை விட முடியுமா என்று வீட்டில் பேசிவிட்டு வாருங்கள். கீழே கையெழுத்துக்கு மேல் இன்னொரு வரி. 'இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவது உங்கள் மகள்தான் என்று அறிவேன். அவளுக்கு என் அன்பு.'

அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகும் நான் செய்தேன். அப்பா ஷிப்ட் முடிந்து வந்தார். குளித்தார். கட்டிலில் உட்கார்ந்து, "லெட்டர் வந்துருக்காமே, தபால்காரரு சொன்னாரு. வாசிட்டி" என்றார். நான் அதைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வேறொன்றை வாசித்தேன். முன்கூட்டி யோசித்து வைத்திருந்தேனா என்பது எனக்கே தெரியவில்லை. "அன்புள்ள நடிகர் ஞானமுத்து அவர்களுக்கு. படப்பணிகள் யாவும் இனிதே நிறைவுற்றன. தங்கள் நடிப்பு எங்கள் நெஞ்சை விட்டு என்றும் அகலாது. தங்கள் ஊராரின் விருந்தோம்பலுக்கு எங்கள் நன்றி உரித்தாகுக. படம் வெளிவரும் நாளை நாளிதழ்களில் காண்க." பள்ளிக்கூடக் கட்டுரையில் நான் எழுதுகிற தமிழ் அது. எந்த டைரக்டரும் அப்படி எழுதமாட்டார். அது அவருக்குத் தெரியாது.

"இன்னொருக்கா வாசி" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வார்த்தை மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார். இரண்டாம் முறை உதடு அசைந்தது. மூன்றாம் முறை என்னோடு சேர்ந்து சொன்னார். நான்காம் முறை நான் வாசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அன்று மாலையே அவர் அதைக் காதர் மாமா கடையில் சொன்னார், மறுநாள் மில்லில் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் சொன்னார். 'அகலாது' என்ற இடத்தில் கையைத் தூக்குவார். கேட்டவர்கள் மறுபடி சொல்லச் சொன்னார்கள். "லெட்டரக் காட்டும்யா" என்று யாராவது கேட்டால், "பாப்பா பத்திரமா வச்சுருக்கு. அழுக்குக் கையோட தொட விடாது" என்பார். அம்மா ஒருத்திதான் துணியை மடித்துக்கொண்டே, "அம்புட்டுதானா? திரும்பக் கூப்புடுதோம்னு ஒண்ணும் எழுதலையா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன். அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, "சரி, மில்லு வேல இருக்கு" என்று முடித்துக்கொண்டாள்.

ஏன் வரவில்லை என்று கேட்டு இன்னொரு கடிதம் வரும் என்று நினைத்தேன். ஒரு மாதம் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போய்த் தபால்காரரை வழிமறித்தேன். வரவில்லை. அப்போது எனக்கு அது நிம்மதியாக இருந்தது. பிறகுதான் யோசித்தேன்: நமக்காக ஒரு இடம் காலியாக வைத்திருப்பார்கள், நாம் போகாவிட்டால் அன்றைக்கே அதில் வேறொருவரை உட்காரவைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் உனக்குச் சொல்கிறேன், உனக்கு வரும் கடிதத்தை நீயே பிரி, கூப்பிட்ட அன்றைக்கே பதில் சொல். வீட்டிலிருக்கிறவர்கள் எவ்வளவு அன்பாக வாசித்துக் காட்டினாலும் தாளை வாங்கி ஒருமுறை பார். நான் வாசித்தாலும்.

அடுத்த கோடையில் படம் இராஜபாளையத்துக்கு வந்தது. முதல் நாள் மேட்னிக்கு முதல் ஷிப்ட் ஆட்கள் ஐம்பது பேர் வந்தார்கள். சர்ச்சிலிருந்து ஒரு கூட்டம். காதர் மாமா கடையை அடைத்துவிட்டு வந்தார். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் நான், மறுபக்கம் அம்மா. திரையில் அவர் முகம் வந்ததும் விசில் பறந்தது. திரையில் அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, வாசலைப் பார்த்து, வாயைத் திறந்தார். "யாரும்மா அது?" என்று ஒரு குரல் வந்தது. மெலிந்த, மூக்கிலிருந்து வருகிற குரல். அரங்கம் மொத்தமாகச் சிரித்தது.

"ஏலே மன்னா, தொண்டைய எங்கலே மறந்து வச்சுட்டு வந்த?"

"மில்லுலதாம்லே, மெஷினுக்கு அடியில கெடக்கும்."

"பொம்பளைய விட்டுப் பேச வச்சுருக்கானுவ."

அப்பாவும் சிரித்தார். முதல் காட்சி முழுக்கச் சிரித்தார். இரண்டாம் காட்சியில் தொடையில் கையை வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். வாசலில் வழியனுப்பும் காட்சி வந்தபோது, எங்கே மூச்சு விட்டாரோ அந்த இடத்தில் அந்தக் குரல் மூச்சு விடவில்லை. என் காதுக்கு அது தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். வெளியே வந்து நடக்கும்போது அம்மாவிடம் சொன்னார், "எங்கொரலு சரியா இருந்துருக்காது போல. அதான் வேற ஆள வச்சுட்டாவ. எப்படிச் சொல்லதுன்னு கூச்சப்பட்டு லெட்டர்ல நல்லவிதமா எழுதியிருக்காவ." அதைச் சொல்லும்போதே அவர் குரல் தணிந்திருந்தது. பக்கத்தில் நடந்த எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே கேட்கிற அளவுக்குத் தணிந்திருந்தது. நான் அப்போது சொல்லியிருக்கலாம். அந்தத் தெருமுனைக்குள் சொல்லியிருந்தால்கூடப் போதும். அவருக்கு நாற்பத்தைந்து வயதுதான்.

நான் பிடித்து வைக்க நினைத்ததை அன்றோடு இழந்தேன் என்று எழுதினால் கதைபோல இருக்கும். ஆனால் நடந்தது அதுதான். அதற்குப் பிறகு அவர் பாடம் கேட்கவில்லை. ஆயுத பூஜைக்குக் கிளார்க் நோட்டோடு வந்தபோது, "நான் திரைய இழுக்கேன்" என்றார். கிறிஸ்துமஸ் நாடகத்தில் ராஜா வேஷத்தை வேறொரு பையன் போட்டான். எந்தக் குழந்தையும் அழவில்லை. வீட்டில் உப்பை எழுந்துபோய் அவரே எடுத்துக்கொண்டார். நாலரை மணிக்கு நான் பையை இறக்கும்போது அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். நான் நூலகத்தில் அடுத்த தட்டுக்குப் போனேன், அதற்கடுத்த தட்டுக்கும். ஒரே அறையில் இருக்கிற இரண்டு பேர் எவ்வளவு தொலைவில் இருக்க முடியும் என்பதை அந்த வருஷங்களில் தெரிந்துகொண்டேன். நீ நடுக்கடலில் இருக்கும்போது எனக்குத் தனிமையாக இருக்கும் என்று உன் அப்பா கவலைப்படுகிறார். இருக்கும். ஆனால் உன்னை இங்கே உட்கார வைத்து, எதிரே நான் உட்கார்ந்தால் அது எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரான உன் அப்பாவோடு எனக்குத் திருமணம் நிச்சயமானது. திருமணத்துக்கு முதல்நாள் மாலை இராஜபாளையத்தில் சர்ச் மண்டபத்தில் காதர் மாமா மைக்கும் விளக்கும் கட்டிக்கொண்டிருந்தார். நான் அப்பாவுக்குக் காபி கொண்டுபோனேன். மண்டபத்தில் இருந்தது அவர்கள் இரண்டு பேரும், வரிசையாகப் போட்ட நாற்காலிகளும்தான்.

"மன்னா, நாளைக்கு வந்தவுகள வாங்கன்னு சொல்லி நீ ரெண்டு வார்த்த பேசணும்லே. பொண்ணோட அப்பன் பேசாம யாரு பேசுவா?" என்றார் காதர் மாமா.

"சர்ச் ஐயரப் பேசச் சொல்லு. எங்கொரலு மைக்குக்கு ஆவாது. அது சினிமாக்காரனே சொன்னது" என்றார் அப்பா.

ஒன்பது வருஷமாக அவர் அதை நம்பிக்கொண்டிருந்தார். நான் காபியை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். டிரங்குப் பெட்டியின் அடியில் கடிதம் இருந்தது. கிழிக்க எனக்குத் தைரியம் வந்ததே இல்லை. எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்று, "அப்பா, அன்னைக்கு நான் சரியா வாசிக்கல" என்றேன். பிறகு, முதல் வரியிலிருந்து எனக்கு அனுப்பிய அன்பு வரை முழுவதையும் வாசித்தேன். காதர் மாமா ஏணியில் நின்றபடி கேட்டார்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "இன்னொருக்கா வாசி" என்றார். வாசித்தேன். "பத்து நாளு தங்கச் சொல்லியிருக்காரா?" என்றார். "ஆமாப்பா." "ராகவன் தம்பி ரயிலடிக்கு வந்து நின்னுருப்பாரோ?" நான் கடிதத்தை மடித்தேன். "ஏன்ட்டி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். "நீங்க அவர்ட்ட பாடம் கேட்டுக்கிடுவீய. நான் வேண்டியிருக்காதுன்னு நெனச்சேன்" என்றேன். அவர் தலையை அசைத்தார். அது மன்னிப்பு இல்லை. கணக்கு இப்போதுதான் புரிந்தது என்பதுபோல ஒரு அசைவு. பிறகு எழுந்து மேடையில் ஏறி மைக்குக்கு முன்னால் நின்றார்.

"அந்த வாசல்ல நிக்க சீனு. எனக்கு மறந்துபோச்சு. எடுத்துக் குடு."

நான் மேடையோரத்தில் போய் நின்று இரண்டு வார்த்தை கொடுத்தேன்: "போறதுன்னு முடிவு..." அவர் மூச்சை இழுத்தார். "போறதுன்னு முடிவு பண்ணிட்டா திரும்பிப் பாக்காதம்மா" என்றார். மைக்கில் வந்தது அவர் குரல் இல்லை. ஒன்பது வருஷமாகத் தணித்துத் தணித்துப் பேசிய, பஞ்சுத் தூசி அடைத்த ஒரு வயதானவரின் குரல் வந்தது. அவர் நிறுத்தித் தொண்டையைச் செருமினார். மறுபடி சொன்னார். "திரும்பிப் பாக்காதம்மா. பாத்தா நாங்க கூப்பிட்டுருவோம்." கூப்பிட்டுருவோம் என்ற இடத்தில் குரல் உடைந்து காற்று மட்டும் வந்தது. மூன்றாம் முறை மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு வெறுமனே நின்று சொன்னார். முதல் வரிசை நாற்காலிவரைகூட அது போகவில்லை. நான் மேற்கொண்டு எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் மறக்கவில்லை; வார்த்தைகள் எல்லாம் அவருக்கு நினைவிருந்தன.

காதர் மாமா ஏணியிலிருந்து இறங்கி வந்து, "இன்னொருக்காப் பாக்கியா மன்னா?" என்று கேட்டார்.

"போதும்லே" என்றார் அப்பா. படியில் இறங்கும்போது ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். காதர் மாமா சுவரோரம் போய் ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டினார். விளக்குகள் அணைந்தன.